எண்ணுக்கு உரியவர் யார்?

நோயுற்றவரிடம் அவருடைய நோயின் போக்கையும் முடிவையும் எடுத்துச் சொல்வதா, சொல்லாமல் காப்பதா என்னும் வினா மிகப் பழையது. வீட்டுக்கு வீடு, காலத்துக்குக் காலம், மக்கள் தத்தம் மனத்துக்கு இசைந்தவாறு இதற்கு விடை கண்டு வந்திருக்கின்றனர். ஆயின் நம் காலத்தில் இவ்வினா புதியதோர் உருவம் கொண்டுவிட்டது. முன்பு மருத்துவர் நாடியைத் தொட்டும் முகத்தை நோக்கியும் ஒருவாறு ஊகித்தார். ஊகத்தை மறைத்து வைப்பது எளிது. தவறாகவும் போகக்கூடுமே என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். இன்றோ முழங்கை மடிப்பிலிருந்து எடுக்கும் சிறிதளவு குருதி, ஒன்றிரண்டு நாளில் ஓர் எண்ணாக மாறி, மகனுடைய கைப்பேசிக்கு வந்து சேர்கிறது. குருதி தந்தையுடையது, எண் மகனிடம் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் நம் இல்லங்களில் நிகழ்வதைப் பற்றியே இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

எடுத்துக்காட்டாகப் புராஸ்டேட் சுரப்பியில் தோன்றும் புற்றுநோயைக் கொள்வோம். ஆடவரின் சிறுநீர்ப்பைக்குக் கீழே அமைந்துள்ள சிறு சுரப்பி அது. பெரும்பாலும் முதுமையில் வரும் நோய். பலரிடத்தில் மெல்ல வளர்வது. மெல்ல வளர்வதனாலேயே ஏமாற்றுவதும் உண்டு. சிறுநீர் அடிக்கடி வருகிறதென்றால் வயதாகிவிட்டது என்கிறோம். இடுப்பு வலிக்கிறதென்றால் வாயு என்கிறோம், தைலம் தேய்க்கிறோம். நோய் சுரப்பியை விட்டு வெளியேறி முதுகெலும்பையும் இடுப்பெலும்பையும் பற்றிய பிறகே மருத்துவமனைக்குச் செல்வோர் நம் நாட்டில் மிகப் பலர். இந்த முற்றிய நிலையில்தான், ‘இனி எவ்வளவு காலம்?’ என்னும் கேள்வியும், அதற்கு விடை கூற முயலும் குருதிச் சோதனைகளும் ஒன்றையொன்று சந்திக்கின்றன.

இச்சோதனைகளின் வரலாறு நீண்டது. 1938-இல் அமெரிக்காவில் குட்மன் இணையர், எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்று உடையவர்களின் குருதியில் ‘ஆசிட் பாஸ்பட்டேஸ்’ என்னும் நொதிப்பொருள் மிகுந்து காணப்படுவதைக் கண்டறிந்தனர். 1941-இல் சிகாகோ நகரில் சார்லஸ் ஹக்கின்ஸ் தம் துணைவர் ஹாட்ஜஸ் என்பவருடன் சேர்ந்து, ஆண்மைச் சுரப்புநீரை நிறுத்தினால் நோய் ஒடுங்குகிறது என்பதையும், அவ்வொடுக்கத்தைக் குருதியிலேயே அளந்து பார்க்கலாம் என்பதையும் காட்டினார். இதற்காக அவருக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கும் விரைகளை அகற்றும் அறுவையோ, அதற்கு ஈடான ஊசியோதான் முற்றிய நோய்க்குரிய மருத்துவத்தின் அடித்தளம். பின்னர் 1979-இல் பஃபலோ நகரின் ராஸ்வெல் பார்க் நிலையத்தார் இச்சுரப்பிக்கே உரிய புரதம் ஒன்றைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். பி.எஸ்.ஏ. என்று இன்று நம் வீடுகளில் சர்க்கரை அளவைப் போல் பழகிவிட்ட சொல் அதனுடைய பெயர்தான். 1986-இல் அமெரிக்க அரசு இச்சோதனையை ஏற்றபோது, நோய் உறுதியானவர்களைத் தொடர்ந்து கவனிப்பதற்கென்றே ஏற்றது. நோயில்லாதவரிடம் நோயைத் தேடுவதற்கான இசைவு 1994-இல் வந்தது.

பி.எஸ்.ஏ. மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் வரை இருந்தால் இயல்பென்று பொதுவாகக் கொள்வர். முற்றிய நோயில் அது நூறாகவும் ஆயிரமாகவும் ஏறி நிற்கும். மருத்துவம் தொடங்கியதும் சரசரவென்று இறங்கும். எவ்வளவு தாழ இறங்குகிறது, இறங்கியது எத்தனை நாள் அங்கே தங்குகிறது என்பவற்றில்தான் எதிர்காலம் பற்றிய குறிப்பு இருக்கிறது. 2006-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதை வெளிப்படையாகவே கணக்கிட்டுக் காட்டியது. சுரப்புநீர் மருத்துவம் தொடங்கி ஏழு மாதம் கழித்து பி.எஸ்.ஏ. 0.2-க்கு மேற்படாதவர்களின் ஆயுள் நடு அளவாக 75 மாதம். 4-க்குள் நின்றவர்களுக்கு 44 மாதம். 4-க்கு மேலேயே தங்கிவிட்டவர்களுக்கு 13 மாதம். ஒரே நோய், ஒரே மருந்து; ஏழாம் மாதத்தில் எடுத்த ஒரு குப்பிக் குருதி மூன்று வெவ்வேறு வழிகளைக் காட்டிவிட்டது.

பி.எஸ்.ஏ. மட்டும் பேசுவதில்லை. எலும்பு அரிக்கப்பட்டும் மீண்டும் கட்டப்பட்டும் அல்லலுறும்போது ‘ஆல்கலைன் பாஸ்பட்டேஸ்’ உயரும். எல்.டி.எச். என்னும் நொதிப்பொருள் மிகுவதும், ஹீமோகுளோபின் குறைவதும், ஆல்புமின் தாழ்வதும் நல்ல குறிகள் அல்ல. குருதியில் மிதந்து திரியும் புற்றணுக்களையே எண்ணிப் பார்க்கும் முறையும் வந்துவிட்டது. ஏழரை மில்லிலிட்டர் குருதியில் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு கட்சி, ஐந்துக்குக் குறைந்தால் மறு கட்சி. சுரப்புநீர் மருத்துவத்துக்குக் கட்டுப்படாத நிலையை எய்தியவர்களிடம் நடத்தப்பெற்று 2008-இல் வெளிவந்த ஆய்வில், முதற்கட்சியாரின் நடு ஆயுள் பதினொன்றரை மாதமாகவும், மறு கட்சியாருடையது ஏறக்குறைய 22 மாதமாகவும் இருந்தன. ஐந்து அணுக்கள்! கண்ணுக்குப் புலப்படாத ஐந்து அணுக்களின் எண்ணிக்கை ஒருவருடைய கடைசிப் பொங்கலைப் பற்றிப் பேசத் துணிகிறது.

இங்கே சற்று நின்று, அது உண்மையில் என்ன பேசுகிறது என்று பார்க்கவேண்டும். அலுவலகங்களில் கணக்கெழுதியே காலம் கழிக்கும் நம்மைப் போன்றோருக்கு இது எளிதில் விளங்க வேண்டிய செய்தி. ஆயினும் வீட்டுக்குள் நோய் வந்தவுடன் நாமே இதை மறந்துவிடுகிறோம். நடு அளவு 13 மாதம் என்றால், அக்கூட்டத்தில் பாதிப்பேர் அதற்கு முன்பும் பாதிப்பேர் அதற்குப் பின்பும் மறைந்தனர் என்பதே பொருள். பதின்மூன்றாம் மாதம் யாருக்கும் தவணை குறிக்கப்படவில்லை. பின்பகுதியினருள் சிலர் பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கவும் கூடும். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தாரும் இறப்பு அட்டவணை வைத்துக்கொண்டுதான் தவணைத் தொகை விதிக்கின்றனர். அந்த அட்டவணையைப் பார்த்துத் தம் இறுதி நாளைக் குறித்துக்கொண்டவர் எவருமிலர். அட்டவணை ஆயிரம் பேரைப் பற்றியது. காப்பீடு எடுப்பவரோ ஒருவர்.

ஸ்டீபன் ஜே கோல்டு என்னும் அமெரிக்க அறிஞரின் வாழ்வு இதற்கு நல்ல சான்று. 1982-இல் அவருக்கு வயிற்றுறையில் அரிய புற்றுநோய் ஒன்று கண்டறியப்பட்டது. நூலகத்தில் தேடிப் பார்த்தார். நடு ஆயுள் எட்டு மாதம் என்றிருந்தது. முதலில் திடுக்கிட்டார். பிறகு கணக்கறிந்தவர் ஆதலால், அந்த எட்டு மாதத்துக்கு அப்பால் நீண்டு செல்லும் வாலைப் பார்த்தார். தம் வயதையும் நோயின் நிலையையும் எண்ணி, அவ்வாலில் தமக்கும் ஓரிடம் இருக்கலாம் என்று கண்டார். 1985-இல் அதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். இருபதாண்டுகள் வாழ்ந்து, 2002-இல் வேறொரு புற்றுநோயால் மறைந்தார். எண்ணை அறிந்ததனால் அவர் பிழைத்தார் என்று நாம் சொல்லவில்லை. எண்ணை யாரும் அவரிடமிருந்து மறைக்காததனால், அதனோடு வாதிடும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது என்று மட்டும் சொல்கிறோம்.

எண்ணுக்கு வயது உண்டு என்பதும் நினைவிற் கொள்ளத் தக்கது. மேலே சொன்ன 2006-ஆம் ஆண்டுக் கணக்கு, அதற்கு முந்தைய மருத்துவத்தைக் கண்ட நோயாளிகளைப் பற்றியது. அதன் பின்னர், 2015-இல் டோசிடாக்செல் மருந்தையும் 2017-இல் அபிராடிரோன் மாத்திரையையும் தொடக்கத்திலேயே சேர்த்துக் கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்பதற்குச் சான்றுகள் வெளிவந்தன. பழைய கணக்கைப் புதிய நோயாளியின் தலைமேல் ஏற்றுவது, சென்ற ஊதியக் குழுவின் அட்டவணையைக் கொண்டு இந்த மாதச் சம்பளப் பட்டியல் தயாரிப்பதை ஒக்கும்.

நம்மவர்க்கு எதிர்காலம் அறியும் ஆசை புதிதன்று. குழந்தை பிறந்தவுடன் சாதகம் கணிக்கிறோம். வைத்தீசுவரன் கோயிலுக்குச் சென்று ஏட்டைப் பிரிக்கச் சொல்கிறோம். ஆயினும் நல்ல சோதிடர் ஆயுளைக் கேட்டால் வாய் திறவார். ‘தீர்க்காயுள்’ என்று சொல்லி அடுத்த கட்டத்துக்குச் செல்வார். அது ஒரு தொழில் மரபு. அதில் கருணையும் உண்டு, தப்பித்தலும் உண்டு. ஆய்வுக்கூடத்துக்கு அந்த மரபு இல்லை. அது ‘உயர்வு’ என்று தடித்த எழுத்தில் அச்சிட்டு அனுப்பிவிடும்.

இந்த இடத்தில் மார்க்கண்டேயர் வரலாறு நினைவுக்கு வருகிறது. மைசூரில் வாழும் நம் குடும்பங்களுள் மணிவிழாவுக்குத் திருக்கடவூர் சென்று வராதவை சிலவே ஆதலின், கதையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பதினாறே ஆண்டு என்பது பெற்றோருக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. பதினாறு நெருங்க நெருங்க அவர்கள் முகம் வாடுகிறது. பிள்ளை காரணம் கேட்கிறான். கேட்டவுடன் அவர்கள் சொல்லிவிடுகின்றனர். அதன் பிறகே அவன் இறைவனைச் சரணடைகிறான். காலனை உதைத்த காட்சியைத்தான் நாம் கொண்டாடுகிறோம். அதற்கு முன் அந்த வீட்டில் ஒரு மாலைப் பொழுதில் நிகழ்ந்த உரையாடலை எவரும் கொண்டாடுவதில்லை. பெற்றோர் அன்று, ‘ஒன்றுமில்லையப்பா, தலைவலி’ என்று சொல்லியிருப்பின் கதை எங்கே சென்றிருக்கும்? புராணம் நடந்ததா என்பது இங்கு வினா அன்று. அதைப் படைத்த மனங்கள், உரியவனிடம் சொல்லிய பின்னரே எதுவும் தொடங்கும் என்று அறிந்திருந்தன என்பதே கருத்து.

இனி, மைசூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய ஒரு நிலையைச் சொல்லவேண்டும். நம்முள் பலர் வேலையின் பொருட்டு இங்கு வந்து தங்கியவர்கள். இரயில்வே பணிமனை, மத்திய அரசின் ஆய்வு நிலையங்கள், வங்கிகள், வணிகம் என்று வந்தோம். பிள்ளைகள் இங்கே படித்தனர். கன்னடம் நம் வாயில் படிந்துவிட்டது. பெற்றோரோ சேலத்திலும் கும்பகோணத்திலும் காரைக்குடியிலும் இருந்துவிட்டு, தாயோ தந்தையோ தனித்த பிறகு, முதுமையில் நம்மிடம் வந்து சேர்கின்றனர். தமிழன்றி வேறொன்றும் அறியார். நோய் வந்தால் கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனைக்கோ தனியார் மருத்துவமனைக்கோ, இன்னும் மேலே வேண்டுமாயின் பெங்களூர்க் கித்வாய் நிலையத்துக்கோ நாம்தான் அழைத்துச் செல்கிறோம். மருத்துவர் கன்னடத்தில் பேசுகிறார், இடையிடையே ஆங்கிலம். நடுவில் தந்தை அமர்ந்திருக்கிறார். மருத்துவர் ஐந்து நிமிடம் விளக்கியதை மகன் அரை நிமிடத்தில் தமிழாக்குகிறான்: ‘ஊசி மாத்தணுமாம் அப்பா. மற்றபடி கவலைப்பட ஒண்ணுமில்லையாம்.’

அந்த மகன் பொய் சொல்பவன் அல்லன். தன்னைக் கேட்டால், பொய் சொன்னதாகவே அவன் நினைக்கவில்லை என்பான். சுருக்கிச் சொன்னான், அவ்வளவே. ஊரிலேயே இருந்திருந்தால் தந்தை தாமே மருத்துவரிடம் நேராக ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். மருத்துவர் முகம் சுளித்ததையும் குரலைத் தாழ்த்தியதையும் சொற்களோடு சேர்த்துப் படித்திருக்கலாம். இடம்பெயர்ந்த வாழ்வில் மொழி மகனிடம், பணம் மகனிடம், எண்ணும் மகனிடம். மொழிபெயர்ப்பாளனாக உள்ளே சென்றவன் நீதிபதியாக வெளியே வருகிறான். தமிழகத்தில் வாழும் குடும்பங்களும் மறைக்கின்றன, மறுக்கவில்லை. அங்கே மறைப்பதற்கு முயற்சி வேண்டும். இங்கே மறைப்பு தானாகவே நடந்துவிடுகிறது. வெளிப்படுத்துவதற்குத்தான் முயற்சி வேண்டியிருக்கிறது. வேற்றுமை இதுதான். நம் சங்கத்து இல்லங்கள் இதனைச் சிந்திக்க வேண்டும் என்பதற்குக் காரணமும் இதுவே.

நாம் அறிந்த ஒரு குடும்பம். தந்தை ஊரில் மளிகைக் கடையில் நாற்பதாண்டு கணக்கெழுதியவர். மகன் அவரிடம் நோயின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. ‘சுரப்பி வீக்கம்’ என்றே சொல்லி வந்தான். மூன்று மாதத்துக்கொரு முறை குருதி எடுப்பர். அறிக்கையை மகன் மேசை இழுப்பறையில் போட்டு வைப்பான். முதியவருக்கு ஆங்கிலம் தெரியாது, கன்னடம் தெரியாது என்ற துணிவு. அவர் மறைந்த பின் பால் கணக்கு நோட்டைப் புரட்டியபோது, கடைசிப் பக்கத்தில் தேதிகளுக்கு நேரே எண்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன: முதலில் முந்நூற்றுச் சொச்சம், பிறகு 11, பிறகு 3, மறுபடியும் 9, 40, 160. அறிக்கையின் எழுத்து அவருக்கு அந்நியம்; இலக்கம் அந்நியம் அன்று. நாற்பதாண்டு இருப்பும் பற்றும் பார்த்தவருக்கு, ஏறுகிற தொகை எதைச் சொல்கிறது என்று ஒருவர் விளக்கவா வேண்டும்?

ஆக, அவ்வீட்டில் இருவரும் அறிந்திருந்தனர். இருவரும் அறியாதவர் போல் நடந்துகொண்டனர். மகன் தந்தைக்காக நடித்தான். தந்தை மகனுக்காக நடித்தார். மறைத்ததனால் துன்பம் குறைந்ததா? அச்சம் தந்தையிடம் இருந்தது. அதைச் சொல்ல ஆள்தான் இல்லை. ஊரிலிருந்த தங்கையை ஒருமுறை வரவழைக்கச் சொல்லி இருமுறை கேட்டாராம். ‘கோடை விடுமுறையில் வரட்டுமே’ என்றானாம் மகன். ‘ஏன் இப்போதே?’ என்று அவன் கேட்டிருந்தால் அவர் விடை சொல்ல வேண்டியிருந்திருக்கும். ‘இப்போதே வரட்டும்’ என்று அவர் வற்புறுத்தியிருந்தால் தமக்குத் தெரியும் என்பது வெளிப்பட்டிருக்கும். தங்கை காரியத்துக்குத்தான் வந்தார்.

மறைப்போர் தரப்பில் வலுவான வாதங்கள் உள்ளன. அவற்றை இகழ்வது நம் நோக்கமன்று. முதலாவதாக, வள்ளுவரே வாய்மை அதிகாரத்தில், தீங்கு சிறிதும் கலவாத நன்மையைத் தருமாயின் பொய்யுரைக்கும் இடமுண்டு என்று ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறார். மருத்துவமனை வாயிலில் நிற்கும் பிள்ளைகள் எல்லாரும் அவ்வாயில் வழியே நுழைகின்றனர். ஆயின் அதன் நிலைப்படியில் ஒரு நிபந்தனை இருப்பதை யாரும் நின்று பார்ப்பதில்லை. நன்மை குற்றமற்றதாக இருக்கவேண்டும். மேலே சொன்ன மறைப்பில் நன்மை யாருக்குக் கிடைத்தது? தந்தையின் கண்ணீரைக் காணாதிருக்கும் நன்மை மகனுக்கும் கிடைத்ததன்றோ? தனக்கும் பங்குள்ள நன்மையைப் பிறர் பெயரில் எழுதுவது எந்தக் கணக்கிலும் செல்லாது.

இரண்டாவதாக, ‘இது நம் பண்பாடு; முகத்தெதிரே சொல்வது மேல்நாட்டார் வழக்கம்’ என்பர். இது வரலாற்றுக்குப் பொருந்தவில்லை. 1961-இல் சிகாகோ மருத்துவமனை ஒன்றில் மருத்துவர்களைக் கேட்டபோது, நூற்றுக்குத் தொண்ணூற்றுவர் புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்லாதிருப்பதையே விரும்புவதாகக் கூறினர். 1979-இல் அதே வினாக்களை அமெரிக்க மருத்துவர்களிடம் மீண்டும் எழுப்பியபோது, நூற்றுக்குத் தொண்ணூற்றெழுவர் சொல்வதையே விரும்பினர். பதினெட்டே ஆண்டில் தலைகீழ் மாற்றம். பண்பாடு அத்தனை விரைவில் மாறாது. மருத்துவம் வளர்ந்தது, நோயாளியின் ஒப்புதல் இன்றியமையாததாயிற்று, பழக்கம் மாறிற்று. மறைத்தல் ஒரு காலத்தின் பழக்கமே அன்றி, ஓர் இனத்தின் இயல்பு அன்று.

சட்டம் என்ன சொல்கிறதென்றும் பார்த்தோம். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள், நோயின் கடுமையை மருத்துவர் மிகைப்படுத்தவும் குறைத்துரைக்கவும் கூடாது என்கின்றன. அடுத்த வரியில், நோயாளியோ அவருடைய உறவினரோ பொறுப்பான நண்பரோ நிலைமையை அறிந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளவேண்டும் என்கின்றன. கோப்புகளில் ‘மற்றும்’ என்பதற்கும் ‘அல்லது’ என்பதற்கும் உள்ள வேற்றுமையால் எத்தனை விண்ணப்பங்கள் திரும்பியிருக்கின்றன என்பதை நாம் அறிவோம். இங்கேயும் அந்த ஓர் ‘அல்லது’தான் தந்தையை நாற்காலியில் அமர்த்திவிட்டு, மகனைத் தாழ்வாரத்துக்கு அழைத்துச் செல்கிறது.

மூன்றாவது வாதம் நம்மைச் சிந்திக்க வைப்பது. அறியும் உரிமை இருப்பது போல் அறியாதிருக்கும் உரிமையும் உண்டன்றோ? ‘எனக்கு ஒன்றும் சொல்லவேண்டாம், நீயே பார்த்துக்கொள்’ என்று உளமாரச் சொல்லும் முதியவர் எத்தனையோ பேர். அவர்களைப் பிடித்து உட்கார்த்தி 13 மாதம் என்று ஓதுவது கொடுமை. இதை முழுமனத்தோடு ஒப்புகிறோம். ஆனால் அந்த உரிமையும் அவருடையதே. ‘வேண்டாம்’ என்று சொல்லவேண்டியவர் அவர். அவர் சார்பில் நாம் சொல்லிக்கொள்வதன்று. நம் வீடுகளில் நடப்பது, அறியாதிருக்கும் உரிமையைத் தந்தைக்கு வழங்குவதன்று. கேட்காமலே அவர் தலையில் அதைச் சுமத்துவது.

மேலும், முதியவர்கள் பெரும்பாலும் எண்ணையே கேட்பதில்லை என்பது நாம் கண்டது. அவர்கள் கேட்பன வேறு. குலதெய்வத்துக்கு முடி இறக்குவதை இந்த ஆடியிலேயே முடித்துவிடலாமா? ஊரிலுள்ள அரைக்காணியை இப்போதே பதிந்துவிடலாமா? பேத்தி கல்யாணத்தை அடுத்த தைக்குத் தள்ளலாமா? ‘75 மாதம்’ என்னும் கணக்குக்கும் ‘13 மாதம்’ என்னும் கணக்குக்கும் இக்கேள்விகளில் வரும் விடை வெவ்வேறு. எண்ணைச் சொல்லாமலே அதன் பொருளைச் சொல்லலாம்: ‘அடுத்த தைக்குத் தள்ளவேண்டாம் அப்பா.’ இவ்வளவு சொன்னாலே போதும். கேட்க விரும்புபவர் மேலே கேட்பார். விரும்பாதவர் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொள்வார். மகன் உண்மையான மொழிபெயர்ப்பாளனாவது இவ்விடத்தில்தான்.

சோதனை எடுப்பதற்கு முன்பே கேட்கவேண்டிய ஒன்றும் உண்டு. நம் மேசைக்கு மருத்துவச் செலவுக்கான விண்ணப்பங்கள் வருகின்றன. 1944-ஆம் ஆண்டு மருத்துவ விதிகளின்படி ஊழியரைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் ஈடு உண்டு. இரசீதுகளைக் கூட்டிச் சரிபார்க்கையில், ‘இச்சோதனை எதற்கு?’ என்ற எண்ணம் எழாமல் இராது. செலவு கருதிச் சொல்லவில்லை. விதியில் இருந்தால் பணம் கிடைத்துவிடும். சில சோதனைகள் மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவுகின்றன. பி.எஸ்.ஏ. ஏறினால் மருந்து கேட்கவில்லை என்று தெரியும். புற்றணுக்களில் ஏ.ஆர்.வி.7 என்னும் மாறுபாடு இருந்தால் சிலவகை மாத்திரைகள் பெரும்பாலும் பயன் தருவதில்லை என்று 2014-இல் கண்டறிந்தனர். அதனை அறிந்தால் வேறு வழி நாடலாம். இவை நோயாளிக்காகக் கேட்கப்படும் கேள்விகள். எந்த விடை வந்தாலும் மருந்து மாறப்போவதில்லை, காலத்தை முன்கூட்டிச் சொல்வதே பயன் என்னும் சோதனைகளும் உண்டு. அத்தகைய சோதனைக்குக் கையை நீட்டச் சொல்வதற்கு முன், அந்த விடை அவருக்கு வேண்டுமா என்று கேட்பது கடமை. அவருக்கு வேண்டாத விடைக்காக அவரிடமிருந்து குருதி எடுப்பானேன்? மகனுக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதற்காகவா? மகனுக்கும் திட்டமிட வேண்டிய கவலைகள் உண்டு. விடுப்பு, கடன், மருத்துவமனை முன்பணம். அது நியாயமான தேவைதான். ஆயினும் தந்தையின் நரம்பிலிருந்து மகன் தன் தேவைக்காக எடுத்துக்கொள்ளும்போது, அவரிடம் ஒரு சொல் கேட்பது மரியாதை.

கேட்பதற்கு நேரமும் உண்டு. எண் வந்தபின் கேட்டால், கேட்கும் குரலே விடையைச் சொல்லிவிடும். முதல் ஊசிக்கு முன், எவருக்கும் எதுவும் தெரியாத நாளிலேயே கேட்டுவிட வேண்டும். அரிய சொற்கள் தேவையில்லை. ‘அப்பா, டாக்டர் சொல்லுறதை எல்லாம் உங்ககிட்ட அப்படியே சொல்லட்டுமா, நானே பாத்துக்கட்டுமா?’ இதையே மருத்துவர் முன்னிலையில் கேட்டால் இன்னும் நன்று. இவ்வூர் மருத்துவர் பலருக்குத் தமிழ் ஓரளவு புரியும். சாமராஜநகர் கடந்தால் தமிழ்நாடு என்று அறிந்தவர்கள். ‘சுவல்ப ஜாஸ்தி ஆகிதெ’ என்று அவர் சொல்லும்போது, அந்த ‘ஜாஸ்தி’யைப் புரிந்துகொள்ளத் தந்தைக்கு மகன் வேண்டுவதில்லை என்பதையும் மறக்கலாகாது.

அண்மையில் நம் நண்பர் ஒருவர் இவ்வாறு கேட்டுவிட்டார். தந்தைக்கு வயது எழுபத்தெட்டு. நெய்தல் தொழில் செய்தவர். மகன் கேட்டதும் சற்று நேரம் கையிலிருந்த துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு, ‘எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லு. உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லாதே’ என்றார். நண்பர் சரியென்று தலையசைத்துவிட்டார். அம்மையார் அன்றாடம் மருந்து எடுத்துக் கொடுப்பவர். கணவர் இரவில் எத்தனை முறை எழுந்தார் என்பதை மகனுக்கு முன்பே அறிந்தவர். மறுநாள் அடுக்களையில் மகனைத் தனியே நிறுத்தி, ‘டாக்டர் என்னடா சொன்னார்?’ என்று கேட்டாராம். நண்பர் அன்று மாலை நம்மிடம் வந்தது, அதற்கு என்ன சொல்வதென்று கேட்கத்தான்.